பேலட்: கதைப்பாடல்

சென்னையில் இசைக்காரர்களிடம் 'பேலட்' என்றால் மெல்லப் போகிற காதல் பாட்டு. ஆங்கில இலக்கியம் படிக்கிற பிள்ளைகளுக்கு அது கதை சொல்லும் பாட்டு. வேரைத் தேடிப் போனால் இரண்டுமே இல்லை, ஆட்டம்தான் இருக்கிறது. பிற்கால லத்தீனில் 'பல்லாரே' என்றால் ஆடுதல். அதில் பிறந்த ஆட்டப்பாட்டு பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, காலப்போக்கில் ஆட்டத்தை உதறிவிட்டுக் கதையைப் பிடித்துக்கொண்டது. 'பாலே' நடனமும் இதே வேர்தான்.

தமிழில் இதற்குக் கதைப்பாடல் என்ற சொல் இருக்கிறது. நா. வானமாமலை போன்ற நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் முத்துப்பட்டன் கதை முதலியவற்றைப் பதிப்பித்தபோது வழங்கிய சொல், அப்படியே நிலைத்துவிட்டது. பேலட்டை அம்மானை, வில்லுப்பாட்டு என்று எழுதுவது பொருந்தாது. அவை குறிப்பிட்ட பாட்டு வடிவங்களின் பெயர்கள். காலணா, அரையணாவுக்குச் சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் விற்ற கொலைச்சிந்துகளும், லண்டன் தெருக்களில் ஒற்றைத் தாளில் அச்சடித்து விற்ற கொலைப் பாட்டுகளும் ஒரே குடும்பம் என்றே சொல்வேன்.

சரி, படித்த கவிஞர் ஒருவர் உட்கார்ந்து எழுதுகிற பேலட்டை என்னவென்பது? 'இலக்கியக் கதைப்பாடல்' எனலாம். இதைப் பற்றிப் பேசும்போது இன்னும் இரண்டு சொற்கள் கூடவே வரும். ஒன்று 'மித்'. கட்டுக்கதை என்று மொழிபெயர்த்தால் பொய் என்ற பொருள் ஏறிவிடும். தொன்மம் என்பதே சரி. தொல்காப்பியம் செய்யுளின் எண்வகை வனப்புகளில் ஒன்றாகத் தொன்மையைச் சொல்கிறது; பழங்கதை மேல் வருவது அது. மற்றொன்று 'பிரிமிட்டிவிசம்'. இதைக் காட்டுமிராண்டித்தனம் என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டப்பட்டது. நாகரிகத்துக்கு முந்திய எளிமையை நோக்கிப் போகும் ஏக்கம்தான் அது. தொன்மை நாட்டம் என்று சொன்னால் தொன்மத்தோடும் இணங்கி நிற்கும்.

ஆங்கிலக் கவிஞர் கோலரிட்ஜின் கிழமாலுமிப் பாட்டைப் பாருங்கள். 1798இல் அதை வெளியிட்டபோது தலைப்பிலிருந்தே பழைய எழுத்துக்கூட்டலைப் போட்டிருந்தார். 1800 பதிப்பில் பெரும்பாலும் எடுத்துவிட்டார். மாலுமி ஆல்பட்ராஸ் பறவையை அம்பெய்து கொல்கிறான், அதையே கழுத்தில் சுமக்கிறான். கடல் பாம்புகளை மனதார வாழ்த்திய கணத்தில் அது தானாக நழுவி விழுகிறது. பழைய காலத்துக் குரலைப் படித்தவர் தேடிப் போய் வாங்கி அணிந்த பாட்டு இது.

நல்லதங்காள் கதையில் அந்தத் தேடல் கிடையாது. பிள்ளைகளோடு பசியில் வந்த நல்லதங்காளிடம் அண்ணி மூளி அலங்காரி அடுப்பெரிக்கப் பச்சை வாழைமட்டையைக் கொடுக்கிறாள். நல்லதங்காளின் பத்தினித்தன்மையால் அந்த மட்டை எரிகிறது. பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் அது தொன்மமும் இல்லை, நாட்டமும் இல்லை. அடுப்பு எரிந்தது, அப்புறம் பிள்ளைகளுக்குக் கஞ்சி கிடைத்ததா என்றுதான் அவர்கள் கேட்பார்கள்.