கேமரா வாங்கும் முன் லென்ஸுக்குள் ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள்

போன மாதம் ஒரு கல்லூரிப் பையன், "அண்ணே, ஜூம் பண்ணினா படம் கலங்குது, லென்ஸைக் கொஞ்சம் சரி பண்ணித் தாங்க" என்று ஒரு புத்தம்புதுக் கேமராவை என் மேஜைமேல் வைத்தான். பெட்டியில் 4கே என்றும் 64 மெகாபிக்ஸல் என்றும் 18 மடங்கு ஜூம் என்றும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. யார் தயாரித்தது என்று தேடினேன், எனக்குத் தெரிந்த பெயர் எதுவும் இல்லை. முன்பக்கம் பெரிய லென்ஸ் மாதிரி ஒரு பிளாஸ்டிக் வளையம், அதைக் கழற்றினால் நடுவில் சட்டைப் பித்தானைவிடச் சின்னதாக ஒரு கண்ணாடி. ஃபோகஸ் செய்ய மோட்டார் கிடையாது. பின்னால் பழைய செல்போன்களில் இருக்கிற மாதிரி, ஒளியைப் படமாக மாற்றும் ஒரு குட்டி சென்சார். சரி பண்ணுவதற்கு அதில் எதுவுமே இல்லை. பகுதிநேர வேலை பார்த்து எட்டு மாதம் சேர்த்த பணம் அது, அவனிடம் அதை எப்படிச் சொல்வது என்று எனக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை.

கேமரா பழுதுபார்ப்பதுதான் எனக்குத் தொழில். படம் எடுக்க ஆசைப்பட்டு, கையில் கொஞ்சம் பணத்தோடு கிளம்புகிறவர்கள் எந்த இடத்தில் ஏமாறுகிறார்கள் என்பது கடைசியில் என் மேஜைக்குத்தான் வந்து சேர்கிறது. அதனால் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடலாம் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த 64 மெகாபிக்ஸல். இந்த வகைக் கேமராக்களில் சென்சார் உண்மையில் பிடிப்பது அதில் ஒரு சிறு பங்குதான், மிச்சத்தை மென்பொருள் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணக்குப்போட்டு நிரப்புகிறது. ஜூமும் அப்படித்தான், லென்ஸ் ஒரு மில்லிமீட்டர்கூட நகராது, எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டும், கலங்காமல் என்ன செய்யும்? நியாயமான கேமராவிலும் மெகாபிக்ஸலைப் பார்த்து வாங்க வேண்டியதில்லை. 12க்கு 8 அங்குலத்தில், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், நல்ல தரத்தில் அச்சுப் போட 9 மெகாபிக்ஸல்கூடத் தேவையில்லை. 4கே திரை முழுவதையும் நிரப்ப 8.3 மெகாபிக்ஸல் போதும். பத்து வருடத்துக்கு முன் வந்த ஆரம்பநிலைக் கேமராக்களிலேயே 24 மெகாபிக்ஸல் வந்துவிட்டது, அதற்குமேல் கற்றுக்கொள்கிற ஒருவருக்கு என்ன வேண்டும்?

பார்க்க வேண்டியது சென்சாரின் பரப்பளவு. உள்ளங்கையில் அடங்கும் சாதாரணக் கேமராவிலும், தூரத்துப் பறவையை இழுத்துக் காட்டும் பெரிய ஜூம் கேமராக்கள் பலவற்றிலும் இருப்பது ஏறக்குறைய 6.2க்கு 4.6 மில்லிமீட்டர் சென்சார், அதாவது சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. 2018இல் வந்த நிக்கான் பி1000, 3000 மில்லிமீட்டருக்குச் சமமான ஜூமோடு வந்தது (இந்த எண் கூடக்கூடக் காட்சி நெருங்கி வரும்), அதிலும் இதே அளவு சென்சார்தான். நல்ல வெயிலில் பறவையையும், வானத்து நிலவையும் எடுக்க அது அருமையான கருவி, பொழுது சாய்ந்து வீட்டுக்குள் வந்துவிட்டால் திணறும். ஏபிஎஸ்-சி என்று சொல்கிற சென்சார் 23.5க்கு 15.6 மில்லிமீட்டர், பரப்பில் அதைப்போல 13 மடங்கு. கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இந்த அளவைத்தான். ஃபுல் ஃபிரேம் என்கிற சென்சார் இன்னும் பெரிது, ஆனால் பாடியை, அதாவது லென்ஸ் இல்லாத கேமராவை, குறைந்த விலைக்குப் பிடித்தாலும் அதற்கான லென்ஸ்கள் கையைக் கடித்துவிடும்.

அடுத்து, எந்த பாடி? இந்தக் கேள்விக்குத்தான் எல்லாரும் மாதக்கணக்கில் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்கிறார்கள். இருக்கிற பணம் முழுவதையும் புது பாடியில் போட்டுவிட்டு, கூட வருகிற 18-55 கிட் லென்ஸோடு நின்றுவிடுகிறார்கள், அப்புறம் ஆறு மாதத்தில் "செல்போன் படமே பரவாயில்லை போலிருக்கே" என்று அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். கிட் லென்ஸ் மோசமானது என்று சொல்ல மாட்டேன், பகல் வெளிச்சத்தில் நன்றாகவே எடுக்கும். ஆனால் முழுதாக ஜூம் செய்தால், வெளிச்சம் நுழையும் அதன் துவாரம் எஃப் 5.6க்குச் சுருங்கிவிடும் (எஃப் எண் கூடக்கூடத் துவாரம் சின்னது). அதே இடத்தில் 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 பிரைம் லென்ஸை, அதாவது ஜூம் இல்லாத லென்ஸை, மாட்டினால் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். இந்த வித்தியாசத்தை எந்தப் புது பாடியும் அதே விலையில் தராது. கேனன், நிக்கான், சோனி எல்லாரிடமும் இந்த லென்ஸ்தான் விலை குறைவான பட்டியலில் இருக்கும். ஏபிஎஸ்-சி பாடியில் 50 மில்லிமீட்டர் கொஞ்சம் நெருக்கமாகத் தெரியும், முகங்களுக்கு நல்லது, வீட்டுக்குள் குழந்தைகளையும் ஆட்களையும் எடுக்க 35தான் வசதி.

அதனால் நான் சொல்லும் கணக்கு இதுதான்: பாடியைப் பழையதாக வாங்குங்கள், மிச்சமாகும் பணத்தில் ஒரு பிரைம் லென்ஸ் வாங்குங்கள். 2013இல் வந்த நிக்கான் டி7100, 2015இல் வந்த டி7200 இரண்டும் ஏபிஎஸ்-சி, 24 மெகாபிக்ஸல். இரண்டிலும் ஆள்காட்டி விரலுக்கு ஒன்று, கட்டைவிரலுக்கு ஒன்று என இரண்டு டயல் இருக்கின்றன, துவாரத்தை ஒன்றிலும், வெளிச்சம் எவ்வளவு நேரம் உள்ளே வரலாம் என்கிற ஷட்டர் வேகத்தை இன்னொன்றிலும் திருப்பிக்கொண்டே கற்றுக்கொள்ளலாம். ஆரம்பநிலைக் கேமராக்கள் பலவற்றில் ஒரே டயல்தான், கூடவே ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு திருப்ப வேண்டும். சின்ன விஷயம்தான், ஆனால் விரல் பழகாமல் கண் பழகாது என்று நான் நினைக்கிறேன். எடை குறைவாக வேண்டும் என்றால் 2014இல் வந்த சோனி ஏ6000 இன்றைக்கும் நல்ல கேமரா.

டிஎஸ்எல்ஆரா (லென்ஸுக்குப் பின்னால் ஆடி வைத்தது) மிரர்லெஸ்ஸா (அந்த ஆடி இல்லாதது) என்பதை நீட்டி முழக்க வேண்டாம். கேனனும் நிக்கானும் 2020க்குப் பிறகு புதிய டிஎஸ்எல்ஆர் எதையும் கொண்டுவரவில்லை, புது லென்ஸ்கள் எல்லாம் மிரர்லெஸ்ஸுக்குத்தான் வருகின்றன, அதனால்தான் நல்ல நல்ல டிஎஸ்எல்ஆர்களைப் பலர் கழித்துவிடுகிறார்கள், பழசு வாங்குகிறவருக்கு அது லாபம். பின்னால் மிரர்லெஸ்ஸுக்குப் போனாலும் டிஎஸ்எல்ஆர் லென்ஸை அடாப்டர் போட்டு அதில் மாட்டலாம், மிரர்லெஸ் லென்ஸை டிஎஸ்எல்ஆரில் மாட்ட முடியாது.

மவுண்ட், அதாவது பாடியில் லென்ஸ் மாட்டும் வாய், அந்த விஷயத்தில் மட்டும் நிதானம் வேண்டும், வாங்கிய பிறகு மாற்ற முடியாதது அதுதான். கேனனின் எம் வரிசை, எம்50 மாதிரி, குட்டியாக அழகாக இருக்கும், பழைய விலையில் ஆசையைக் கிளப்பும். ஆனால் அந்த வரிசை 2023இல் நின்றுவிட்டது, அதன் இஎஃப்-எம் லென்ஸ்கள் இப்போதைய ஆர் வரிசையில் பொருந்தாது. இன்னொன்று, நிக்கான் டி3000, டி5000 வரிசை பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸை மலிவாக வாங்கி மாட்டிவிட்டு "ஃபோகஸ் வேலை செய்யல" என்று என்னிடம் கொண்டுவந்தவர்கள் ஏராளம். லென்ஸ் பெயரில் ஏஎஃப்-எஸ் என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டி7100, டி7200இல் இந்தத் தொல்லை இல்லை, பாடியிலேயே மோட்டார் உண்டு. கேனன் 200டி-யின் இரண்டாம் பதிப்பில் ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் நடு முனையையே எடுத்துவிட்டார்கள், வேறு நிறுவனத்தின் சாதாரண ஃபிளாஷ் அதில் அடிக்காது. கடையில் இதையெல்லாம் யாரும் தாமாகச் சொல்வதில்லை.

இப்போது பழசு வாங்கும்போது எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன், எனக்கு நிறையச் சொல்ல இருப்பதும் இதில்தான்.

லென்ஸைக் கழற்றுங்கள். துவாரம் முழுதாகத் திறந்திருக்கட்டும். பின்பக்கமிருந்து செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். நாலைந்து தூசுப் புள்ளிகள் மிதக்கும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம், படத்தில் தெரியாது. சிலந்தி வலை மாதிரியோ, மரத்தின் வேர் கிளைபிரிவது மாதிரியோ மெல்லிய வெள்ளை இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. விற்கிறவர் "துடைச்சா போயிடும்" என்பார். ஆரம்பநிலையில் போகும், ஆனால் உள்கண்ணாடியைத் துடைக்க லென்ஸை முழுக்கப் பிரிக்க வேண்டும், பூஞ்சை விடும் அமிலம் கண்ணாடிப் பூச்சைத் தின்றிருந்தால் துடைத்தாலும் அந்த இழைகளின் தடம் அப்படியே நிற்கும். போன வருடம் ஒரு அம்மா மகளின் பிறந்தநாளுக்கு வாங்கிய லென்ஸைக் கொண்டுவந்தார். வெளியே ஒரு கீறல் இல்லை, டார்ச் அடித்தால் உள்ளே பனி பெய்த மாதிரி இருந்தது. அரை நிமிடம் போதும், அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். துவாரத்தின் இதழ்களில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் வாங்காதீர்கள், சுருங்கி விரிவதில் தாமதம் வரும்.

பாடிக்கு வருவோம். வெள்ளைச் சுவரையோ தெளிந்த வானத்தையோ ஃபோகஸ் இல்லாமல், எஃப் 22 வைத்து ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். வட்டமான மங்கல் புள்ளிகள் தூசு, சுத்தம் செய்துவிடலாம். கோடு மாதிரி இருந்து, சுத்தம் செய்த பிறகும் அதே இடத்தில் இருந்தால் சென்சார்மேல் கீறல் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு லென்ஸ் மூடியைப் போட்டுவிட்டு ஷட்டர் வேகம் 30 விநாடி வைத்து ஒரு படம், அதில் சிவப்பும் நீலமுமாகப் பத்துப் பதினைந்து புள்ளி மின்னினால் பயப்பட வேண்டாம், வரிசை வரிசையாகக் கோடு வந்தால் வேண்டாம்.

ஷட்டர் எண்ணிக்கை, அதாவது இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்று கேளுங்கள். ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர்களின் ஷட்டரைப் பொதுவாக 1 லட்சம் படத்துக்கும், டி7200 மாதிரி பாடிகளை 1.5 லட்சத்துக்கும் சோதிக்கிறார்கள். அதைத் தாண்டினால் அன்றைக்கே உடைந்துவிடும் என்பதில்லை, 2 லட்சம் ஓடியதையும் பார்த்திருக்கிறேன், ஆனால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். நிக்கானில் எடுத்த ஜேபெக் கோப்புக்குள்ளேயே இந்த எண் இருக்கும். கேனனின் பெரும்பாலான மாடல்களில் கேபிள் போட்டுக் கணினியில் மென்பொருள் வைத்துத்தான் பார்க்க முடியும். படத்தின் கோப்பு எண்ணைக் காட்டி "மூவாயிரம்தான் எடுத்திருக்கு" என்றால் நம்பாதீர்கள், 9999க்குப் பிறகு அது மறுபடி 1இலிருந்து தொடங்கிவிடும்.

அப்புறம் நான் முதலில் பார்க்கும் இடம், அடிப்பக்கத் திருகுகள். திருகின் தலை தேய்ந்திருந்தாலோ கறுப்புப் பூச்சு உதிர்ந்து பளபளத்தாலோ யாரோ திறந்திருக்கிறார்கள். ஏன் திறந்தார்கள் என்று கேளுங்கள், பில் இருந்தால் நல்லது, முழித்தால் கிளம்பிவிடுங்கள். பேட்டரி மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள், முனைகளில் பச்சையாகப் படிந்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, கடல் தண்ணீராக இருந்தால் அந்தக் கேமராவுக்கு வைத்தியமே இல்லை. பையை முகர்ந்துகூடப் பாருங்கள், ஈரத்துணி நாற்றம் அடித்தால் லென்ஸை இன்னொரு முறை டார்ச்சில் பார்க்க வேண்டும்.

கூட வருகிற இலவசப் பொருள்களுக்கு மயங்காதீர்கள். முன்னால் திருகி மாட்டும் வைடு ஆங்கிள் வளையம், ஆட்டம் காணும் ட்ரைபாட், பெயர் தெரியாத பேட்டரி, இவற்றுக்காக விலையை ஏற்றியிருப்பார்கள். மெமரி கார்டில் நிறையப் போலி உண்டு. மேலே 128 ஜிபி என்றிருக்கும், உள்ளே 16தான் இருக்கும், அது நிறைந்த பிறகு எடுக்கிற படம் எல்லாம் காற்றில் போகும். எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் உண்மைக் கொள்ளளவைச் சொல்லிவிடும். கல்யாண வீட்டில் போய்த் தெரிந்துகொள்வதைவிட வாங்கிய அன்றே பார்த்துவிடுவது எவ்வளவோ மேல்.

அந்தக் கல்லூரிப் பையன் நல்லவேளையாகத் திருப்பித் தரும் நாள் முடிவதற்குள் வந்திருந்தான், கடையோடு ரெண்டு நாள் போராடிப் பணத்தை வாங்கினான். ஒரு பழைய டி7100, 35 மில்லிமீட்டர் எஃப் 1.8, ரெண்டையும் அவனே தேடிப்பிடித்து என் மேஜைக்குக் கொண்டுவந்தான், டார்ச்சை அவன்தான் அடித்தான், நான் பக்கத்தில் நின்றேன். போன வாரம் மறுபடி வந்தான். படத்தின் மேல்மூலையில் ஒரு கறுப்புப் புள்ளி, சென்சாரில் தூசு. காற்று வீசும் இடத்தில் பாடியை வானம் பார்க்கத் திறந்துவைத்துக்கொண்டு லென்ஸ் மாற்றியிருக்கிறான், தூசியைக் கண்டதும் வாயால் ஊதியும் பார்த்திருக்கிறான், எச்சில் துளி பட்டால் தூசியைவிட மோசம். பாடியைத் தரை பார்க்கக் கவிழ்த்துப் பிடித்து ரப்பர் ஊதுகுழாயை எப்படி அமுக்குவது என்று காட்டினேன். மூன்றாவது அமுக்கலில் புள்ளி போய்விட்டது, காசு வாங்கவில்லை, ஊதுகுழாயை மட்டும் ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.