வாப்பா கடையின் எக்ஸ்பி கணினிக்குள் துபாயிலிருந்து நுழைவது எப்படி?

கீழக்கரை, ஏர்வாடி, ராமேசுவரம் பக்கம் பழைய கடைகளில் விண்டோஸ் எக்ஸ்பியையோ விண்டோஸ் 7-ஐயோ பார்த்தால் ஆச்சரியப்பட வேண்டாம். பில் போடும் மென்பொருள் அதில்தான் ஓடும், அதற்கான டாங்கிள் (உரிமம் உண்டென்று காட்டும் சின்னக் கருவி) பின்னால் பழைய பிரிண்டர் போர்ட்டில் செருகியிருக்கும், எழுதிக்கொடுத்தவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ தெரியாது. மகன் துபாயில் இருந்தபடி ராத்திரி கணக்குப் பார்த்து, வாப்பா தப்பாகப் போட்ட ஒரு என்ட்ரியைத் திருத்திக் கொடுப்பார். திடீரென்று ஒருநாள் இணைப்பு கிடைக்காது. உடனே எல்லோரும் நெட்டைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் நெட் காரணமில்லை.

தூரத்திலிருந்து ஒரு கணினியை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பில், மென்பொருள் கடையிலேயேதான் ஓடுகிறது. துபாய்க்குப் போவது திரையின் படம், அங்கிருந்து வருவது தட்டிய விசையும் மவுஸ் அசைவும், அவ்வளவுதான். அந்தப் படமும் ஒவ்வொரு தடவையும் முழுசாகப் போவதில்லை. 1024×768 திரையை அப்படியே அனுப்பினால் சுமார் 3 எம்பி ஆகும். ஆனால் பில்லில் ஒரு தொகையை மாற்றும்போது திரையில் மாறுவது 80×20 புள்ளிகள் அளவுள்ள ஒரு சின்னக் கட்டம்தான், அது சுருக்குவதற்கு முன்பே 6 கேபி சொச்சம். அதனால்தான் சிக்னல் சுமாராக இருந்தாலும் கணக்கு வேலை ஓடிவிடுகிறது.

சிக்கல் அதற்கு முந்தைய படியில். படம் போவதற்கு முன் இரண்டு பக்கமும் எந்த முறையில் மறைகுறியாக்குவது (இடையில் யாரும் படிக்க முடியாதபடி மாற்றுவது) என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்கான முறைதான் டிஎல்எஸ்; எக்ஸ்பிக்குச் சொந்தமாகத் தெரிந்தது அதில் 1.0 வரைதான். 1.0, 1.1 இரண்டையும் 2021 மார்ச்சில் இணையத் தரநிலை அமைப்பே கைவிடச் சொல்லிவிட்டது. ரிமோட் மென்பொருளின் புதிய பதிப்பு எக்ஸ்பியில் ஏறாது, பழைய பதிப்பை, இரண்டு கணினிகளையும் இணைத்துவைக்க நடுவில் இருக்கும் சர்வர் ஏற்காமல் போகலாம். ஆக, நேற்றுவரை வேலை செய்தது இன்று நிற்கும்.

இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சரிசெய்யப் பெரிய செலவில்லை. மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற பேட்டரி தீர்ந்திருந்தால், கரண்ட் போய் வரும்போது கணினியின் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். தான் யார் என்று நிரூபிக்க சர்வர் காட்டும் சான்றிதழ் அந்தத் தேதிக்கு இன்னும் பிறக்கவே இல்லையே, கணினி அதை எப்படி நம்பும்? முதலில் திரையின் மூலையில் இருக்கும் தேதியைப் பாருங்கள்.

சரி, நடுவில் சர்வரே வேண்டாம், ரவுட்டரில் 3389 போர்ட்டை (ரிமோட் டெஸ்க்டாப் வந்துபோகும் எண்ணிட்ட வாசலை) திறந்துவிட்டால் விண்டோஸின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப்பிலேயே நேராக உள்ளே போகலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். 2019 மே மாதம் வெளியான புளூகீப் என்ற பாதுகாப்பு ஓட்டை, கடவுச்சொல்லே இல்லாமல் அந்த வழியாகக் கணினியைக் கைப்பற்ற விடுவது. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-லேயே ஆதரவை முடித்துக்கொண்ட மைக்ரோசாஃப்ட், ஐந்து வருஷம் கழித்து அதற்கும் ஒரு பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) கொடுத்தது என்றால் ஆபத்தின் அளவைப் பாருங்கள். அந்த பேட்சைப் போட்டிருந்தாலும், பின்னால் தெரியவந்த மற்ற ஓட்டைகள் அப்படியே கிடக்கும்.

என் கருத்தில் ஒழுங்கான வழி ஒன்றுதான்: பக்கத்தில் விண்டோஸ் 11-ஓ லினக்ஸோ ஓடும் சின்னக் கணினி ஒன்றை வையுங்கள் (விண்டோஸ் 10-இன் ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது). துபாயிலிருந்து அதற்குள் வந்து, அங்கிருந்து கடைக்குள்ளேயே கேபிள் வழியாக எக்ஸ்பிக்குப் போகலாம். அந்தக் கடைசித் துண்டுக்கு விஎன்சி (திரையை அப்படியே பகிரும் இன்னொரு வகை ரிமோட் மென்பொருள்) நல்லது. விண்டோஸின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப் வழியே போனால் கடையில் இருக்கும் திரை பூட்டிக்கொள்ளும், சில டாங்கிள் மென்பொருள்கள் ஓடவே மறுக்கும். விஎன்சியில் மகன் செய்வதை வாப்பாவும் எதிரிலேயே பார்க்கலாம். சாதாரண விஎன்சியில் போதுமான மறைகுறியாக்கம் கிடையாது, அதனால் கடைக்கு வெளியே அதை விடவே கூடாது.

எல்லாவற்றுக்கும் முன்னால், ஹார்ட் டிஸ்க்கை அப்படியே ஒரு இமேஜாக (முழு நகலாக) எடுத்து வையுங்கள். உப்புக்காற்றில் ரேம் செருகும் இடமும் பவர் சப்ளையும் அரித்துப்போகும், கடைக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அப்புறம் எக்ஸ்பியின் நெட்வொர்க் அமைப்பில் கேட்வே (வெளியே போகும் வழி), டிஎன்எஸ் (இணையதளப் பெயருக்கு முகவரி தேடுவது) கட்டங்களைக் காலியாக விடுங்கள். பக்கத்துக் கணினியோடு பேசும், இணையத்துக்குப் போக வழி தெரியாது.