வைஃபைக்கு உரிமம் வேண்டாம்தான். அது உங்கள் கருவிக்குத் தெரியுமா?

இந்தியாவில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு யாரும் உரிமம் வாங்க வேண்டியதில்லை. 2.4-க்கான விலக்கு 2005 ஜனவரியில் அரசிதழில் வந்தது. 5-ல் அப்போது 5150–5350, 5725–5875 மெகாஹெர்ட்ஸ் மட்டும், அதுவும் கட்டடத்துக்குள் மட்டும். 2018 அக்டோபரில் ஜி.எஸ்.ஆர். 1048(இ) அறிவிக்கை நடுவிலிருந்த 5470–5725-ஐயும் திறந்தது. வெளியிலும் பயன்படுத்தலாம் என்றானது. பின்னணி இவ்வளவு போதும். அரசிதழில் மாறியது கருவிக்குள் இருக்கும் மென்பொருளில் மாறாமல் கிடப்பதால்தான் ஜனங்கள் அலைகிறார்கள்.

அடிக்கடி வரும் புகார் இது: புது ரவுட்டர் மாட்டியதும் பழைய டிவியிலோ போனிலோ வைஃபை பெயரே தெரிவதில்லை. ரவுட்டர் தானாக 100 முதல் 140 வரையிலான சேனல் ஒன்றை, அதாவது 2018-ல் திறந்த பகுதியில் ஒன்றை, பிடித்திருக்கும். டிவிக்குள் இருப்பதோ 2018-க்கு முந்தைய இந்தியப் பட்டியல். அந்தச் சேனல்களை அது தேடவே தேடாது. சேவை மையத்தில் 'ரீசெட் பண்ணுங்க' என்பார்கள், அப்புறம் ரவுட்டரை மாற்றச் சொல்வார்கள். இரண்டும் வீண். ரவுட்டர் அமைப்பில் சேனலை 'ஆட்டோ'விலிருந்து எடுத்து 36, 40, 44, 48 அல்லது 149, 153, 157, 161-ல் ஒன்றை வையுங்கள். பழைய விதி, புதிய விதி இரண்டிலும் இவை உண்டு. டிவிக்காரர் அப்டேட் தருவார் என்று காத்திருக்காதீர்கள்.

வைஃபை சரியாக வரவில்லை என்றதும் ரவுட்டரில் நாட்டை 'அமெரிக்கா' என்று மாற்றச் சொல்லும் யோசனை ஊரெல்லாம் சுற்றுகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். அமெரிக்காவை வைத்தால் பெரும்பாலான கருவிகளில் 2.4-ல் சேனல் 12, 13 போய்விடும். இந்தியாவில் அவை உங்களுக்கு உரியவை. அதைவிட முக்கியம், உரிம விலக்கு நிபந்தனைகளோடு வந்தது. அலைவரிசை எல்லைக்குள், திறன் வரம்புக்குள், வகை ஒப்புதல் பெற்ற கருவியில் இருக்கும்வரைதான் விலக்கு. ஒன்றை மீறினாலும் நீங்கள் உரிமம் இல்லாமல் ஒலிபரப்பும் ஆள்.

திறன் வரம்பில் நல்லவர்களே மாட்டிக்கொள்கிறார்கள். 2.4-ல் டிரான்ஸ்மிட்டர் வெளியீடு 1 வாட், ஆன்டெனாவின் பெருக்கத்தையும் சேர்த்து வெளியேறுவது 4 வாட், அதாவது 36 டிபிஎம் (திறனை அளக்கும் அலகு). 30 டிபிஎம் ரேடியோவில் 6 டிபிஐ பெருக்கம் உள்ள ஆன்டெனா போட்டால் கணக்கு சரி. அதையே கழற்றிவிட்டு 15 டிபிஐ டிஷ் மாட்டினால் ரேடியோவை 21-க்குக் குறைக்க வேண்டும். நீங்கள் ஆன்டெனாவை மாற்றியது மென்பொருளுக்குத் தெரியாது. நீங்கள்தான் குறைக்க வேண்டும். ஆன்டெனா உயரத்துக்கும் 2.4-க்கான அந்த 2005 அறிவிக்கையில் வரம்பு உண்டு: அனுமதி பெற்ற கட்டடத்தின் மொட்டைமாடிக்கு மேல் 5 மீட்டர். தெருவுக்கு இணைப்பு கொடுக்க உயரக் கம்பம் நடுபவர்கள் இந்த வரியைப் படிப்பதே இல்லை. எந்த மென்பொருளும் இதைச் சொல்லித் தராது.

லோரா (குறைந்த மின்சக்தியில் தொலைதூரம் தகவல் அனுப்பும் ரேடியோ முறை) சென்சார் வாங்கும் விவசாயிகளுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் வேறு பொறி. இந்தியாவில் உரிமம் வேண்டாத துண்டு 865–867 மெகாஹெர்ட்ஸாக இருந்து, 2021 இறுதியில் 865–868 ஆனது. இணையத்தில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் ஐரோப்பாவுக்கான 'இயு868' அல்லது அமெரிக்காவுக்கான 'யுஎஸ்915' அமைப்பில் வரும். இயு868-ன் அடிப்படைச் சேனல்கள் 868.1, 868.3, 868.5, மூன்றும் நம் எல்லைக்கு வெளியே. யுஎஸ்915 இன்னும் மோசம்: 902–928-ல் இயங்கும், அதில் 902–915 பகுதி இங்கே செல்போன்கள் கோபுரத்துக்குப் பேசும் இடம். ஃபர்ம்வேரில் (கருவிக்குள் இருக்கும் மென்பொருளில்) இந்திய அமைப்பான 'ஐஎன்865' என்று மாற்றியபின் 865.0625, 865.4025, 865.985 ஆகிய சேனல்கள் வருகின்றனவா பாருங்கள். சென்சார் அனுப்புவதை வாங்கும் கேட்வேயையும் சேர்த்து மாற்றாவிட்டால் சென்சார் கத்தும், யாருக்கும் கேட்காது.

அடுத்தது சான்றிதழ் அலைச்சல். பி.ஐ.எஸ். முத்திரையைக் காட்டி 'எல்லாம் இருக்கு சார்' என்பார் விற்பவர். அது மின் பாதுகாப்புக்கு. ரேடியோவுக்கு வேண்டியது தொலைத்தொடர்புத் துறையில் அலைவரிசைகளைக் கவனிக்கும் டபிள்யூ.பி.சி. பிரிவு தரும் ஈ.டி.ஏ., அதாவது கருவியின் வகை ஒப்புதல். விண்ணப்பம் சரல் சஞ்சார் இணையதளத்தில். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் ரேடியோ சோதனை அறிக்கை தேவை. ஒப்புதல் மாடல் எண்ணுக்கு மட்டும்தான். பெட்டியும் பலகையும் ஒன்றாகவே இருந்தாலும் எண்ணில் ஓர் எழுத்து மாறினால் அந்தச் சான்று உதவாது. சரக்கு சுங்கத்தில் நிற்கும். பணம் கட்டும் முன்பே சான்றின் நகலைக் கேட்டு, எண்ணை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். சோதனை அறிக்கையில் உள்ள அலைவரிசை எல்லைகளையும் பாருங்கள். அவை இந்திய எல்லைக்குப் பொருந்தாவிட்டால் சோதனைக்கு மறுபடி செலவாகலாம்.

லினக்ஸ் கணினியில் 'ஐடபிள்யூ ரெக் கெட்' என்ற கட்டளை எந்த நாட்டு விதி ஓடுகிறது என்று காட்டும். '00' என்று வந்தால் உங்களுக்கு எந்த நாடும் இல்லை. உலகப் பொதுவிதி ஓடுகிறது, 5 கிகாஹெர்ட்ஸில் ஹாட்ஸ்பாட் தொடங்க விடாது. இன்டெல் அட்டைகள் பலவற்றில் நீங்கள் வைக்கும் நாடு எடுபடாது. சுற்றியுள்ள ரவுட்டர்கள் சொல்வதைக் கேட்டு அட்டையே முடிவு செய்துகொள்ளும்.

இந்த விதிகளெல்லாம் 'ரெகுலேட்டரி டிபி' என்ற ஒரு சின்னக் கோப்பில் இருக்கின்றன. அதை நீங்களே திருத்தி வைத்தால் வேலை செய்யாது: கோப்பில் டிஜிட்டல் கையொப்பம் உண்டு, பொருந்தாவிட்டால் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அதை ஏற்காது, நீங்கள் '00'-க்கே போவீர்கள். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் கெர்னலைச் சொந்தமாகக் கட்டுபவர்கள் இங்கேதான் விழுகிறார்கள். டெபியன் கையொப்பம் அந்தக் கெர்னலுக்குத் தெரியாது. 'அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ்' கட்டளை மூலம் அப்ஸ்ட்ரீம் (மூலத்திட்டமே கையொப்பமிட்ட) பதிப்புக்கு மாற்றினால் சரியாகும்.

அந்தக் கோப்பின் இந்திய வரியில் பிழை கண்டால், கோப்பைப் பராமரிக்கும் மூலத்திட்டத்துக்கே திருத்தம் அனுப்புங்கள். செய்தித்தாள் துணுக்கை ஆதாரமாக ஏற்க மாட்டார்கள், ஏற்கவும் கூடாது. அரசிதழ் அறிவிக்கையின் இணைப்பு, எண், எந்த அட்டவணை, எந்த வரி என்று எழுத வேண்டும். வரைவு விதி ஆதாரமாகாது. 2025 மே மாதம் 5925–6425 மெகாஹெர்ட்ஸுக்கு வரைவு வெளியானதுமே 'இந்தியாவில் 6 கிகாஹெர்ட்ஸ் திறந்தாச்சு' என்று விளம்பரம் போட்டார்கள். வரைவை நம்பி எதையும் இயக்க முடியாது, இறுதி அறிவிக்கைதான் கணக்கு. இன்னொரு கவனம்: அரசிதழ் சில இடங்களில் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு இவ்வளவு என்று திறனைச் சொல்லும், கோப்பிலோ மொத்தத் திறனுக்கு ஒரே எண்தான். ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 10 டிபிஎம் என்றால் 20 மெகாஹெர்ட்ஸ் சேனலுக்கு 23, 80-க்கு 29. மொத்த வரம்பை மட்டும் எடுத்து எழுதினால் குறுகிய சேனல்கள் விதியை மீறும். குறைந்த எண்ணையே எழுதுங்கள்.

திருத்தம் ஏற்கப்பட்டாலும் வேலை பாதிதான். உபுண்டு, டெபியன், ரவுட்டர்களுக்கான ஓபன்டபிள்யூஆர்டி ஆகிய லினக்ஸ் வகைகள் ஒவ்வொன்றும் தன் தொகுப்பில் அதைச் சேர்க்க வேண்டும். போன், டிவி நிறுவனங்கள் கேட்டால்தான் அசையும். புகார் எழுதும்போது 'வைஃபை வரவில்லை' என்று எழுதாதீர்கள். மாடல் எண், ஃபர்ம்வேர் பதிப்பு, தெரியாத சேனல், ஜி.எஸ்.ஆர். 1048(இ) ஆகிய நான்கையும் எழுதுங்கள். தொலைபேசியில் சொல்லாமல் மின்னஞ்சலில் அனுப்பி, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். உத்தரவாதக் காலத்துக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதியும்போது அந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.