புரட்டாசி விரதமும் கல்லீரலின் இருப்பும்

புரட்டாசி பிறந்துவிட்டால் சென்னையில் கறிக்கடைக்காரர்கள் ஈ ஓட்ட வேண்டியதுதான். காசிமேட்டிலும் ஞாயிற்றுக்கிழமை நெரிசல் குறைந்துவிடும். பெருமாளுக்காக ஒரு மாதம் கவிச்சியைத் தொடாத வீடு எங்கள் தெருவில் மட்டும் பத்தாவது இருக்கும். அது முடிந்து கார்த்திகை வந்தால், மாலை போட்டவர்களுக்கு 41 நாள்.

இப்படி விட்டால் சத்துக் குறையாதா என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள். புரதத்தைப் பற்றித்தான் முதல் கவலை. அது பெரிய விஷயமில்லை. அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் பருப்பில் நிறைய இருக்கிறது. பருப்பில் குறைகிற மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. சாம்பார் சாதமும் பொங்கலும் இந்தக் கணக்கை எப்போதோ போட்டு முடித்துவிட்டன. யாரும் கேட்காத ஒன்றுதான் உண்மையான கேள்வி: வைட்டமின் பி12.

எந்தச் செடியும் பி12 செய்வதில்லை. ஆடு, மாடு, மீனும் செய்வதில்லை. உலகத்தில் அதைச் செய்யத் தெரிந்தவை பாக்டீரியாக்களும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்களும்தான். மாட்டின் முதல் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள், புல்லோடு வரும் கோபால்ட்டை நடுவில் வைத்து இந்த மூலக்கூறைக் கட்டுகின்றன. அங்கிருந்து அது இறைச்சிக்கும் பாலுக்கும் போகிறது. நம் பெருங்குடலிலும் பி12 செய்யும் பாக்டீரியாக்கள் உண்டு. ஆனால் பி12ஐ உடம்பு உறிஞ்சும் இடம் சிறுகுடலின் கடைசிப் பகுதி, அதாவது பெருங்குடலுக்கு முன்னால். இறங்க வேண்டிய ஸ்டாப் தாண்டிய பிறகு பஸ்ஸில் ஏறுகிற பயணி மாதிரி அது வீணாக வெளியே போகிறது. முயல் தன் புழுக்கையையே ஒரு முறை தின்று இந்தச் சிக்கலைத் தீர்த்துக்கொள்கிறது. நமக்கு அந்த வழி வேண்டாம்.

உறிஞ்சுவதும் சுலபமில்லை. வயிற்று அமிலம் முதலில் பி12ஐ உணவிலிருந்து பிரிக்க வேண்டும். பிறகு வயிற்றுச் சுவர் சுரக்கும் இன்ட்ரின்சிக் ஃபேக்டர் என்ற புரதம் சிறுகுடலில் அதன் கையைப் பிடித்துக் கடைசி வரை கூட்டிப்போக வேண்டும். அங்குள்ள வாசல் அந்த ஜோடியைத்தான் உள்ளே விடும்.

இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்ததை உடம்பு சும்மா விடுமா? கல்லீரலில் பதுக்கி வைக்கிறது. நன்றாகச் சாப்பிடும் ஒருவரின் உடம்பில் மொத்தம் 2 முதல் 5 மில்லிகிராம் பி12 இருக்கும், அதில் பாதிக்கு மேல் கல்லீரலில். தினசரித் தேவையோ 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல். பித்தநீர் வழியாகக் குடலுக்குப் போவதிலும் பெரும்பகுதியை உடம்பு திரும்ப இழுத்துக்கொள்ளும். ஒரு நாளைக்குக் குறைவது இருப்பில் ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோ பங்குதான்.

ஆயிரத்தில் ஒன்று என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள். புரட்டாசி முழுக்க விட்டால் நூற்றுக்கு 3 பங்கு குறையும். ஐயப்ப விரதத்துக்கு 4. விரதம் முடிந்த வாரத்திலிருந்து இருப்பு மெல்ல ஏற ஆரம்பித்துவிடும். அதுவும் காபி, மோர் என்று பால் உள்ளே போய்க்கொண்டிருந்தால் இந்தக் குறைவும் இவ்வளவு இருக்காது. 100 மில்லி பசும்பாலில் சுமார் 0.4 மைக்ரோகிராம் உண்டு, காய்ச்சும்போது கொஞ்சம் போகும்.

ஆனால் அதே கணக்கை மூன்று வருடத்துக்கு நீட்டினால் மிஞ்சுவது மூன்றில் ஒரு பங்கு.

என் மாமாவுக்கு நடந்தது இதுதான். ஏழுகிணறு வீராசாமித் தெருவில் வள்ளலார் வாழ்ந்த வீடு இன்னும் இருக்கிறது. 1823இல் மருதூரில் பிறந்தவர், சிறு குழந்தையாக இங்கே வந்ததிலிருந்து 1858இல் கிளம்பும் வரை சென்னைதான் அவருக்கு ஊர். மாமா அந்த வீட்டுக்கு அடிக்கடி போய்வந்து, ஒரு நாள் புலாலை விட்டார். அடுத்த வருடம், கன்றுக்குட்டியின் பங்கு என்று சொல்லிப் பாலையும் விட்டார். உடம்பு லேசாகிவிட்டது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான்காவது வருடம் பாதத்தில் எறும்பு ஊர்வது போல ஆரம்பித்தது. அப்புறம் மதமதப்பு. சர்க்கரை இருப்பதால் அதனால்தான் என்று எல்லோரும் முடிவு கட்டினோம், நானும்தான்.

சர்க்கரைக்கு அவர் போடும் மெட்ஃபார்மின் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும் என்பது யாருக்கும் நினைவு வரவில்லை. நெஞ்செரிச்சலுக்கு நாள்பட எடுக்கும் அமிலம் குறைக்கும் மாத்திரைகளும் அதே வேலையைச் செய்யும். வயதானால் அமிலம் தானாகவே குறைவதும் உண்டு.

ரத்தப் பரிசோதனையும் ஏமாற்றலாம். பி12 குறைந்தால் சிவப்பணு அளவில் பெரிதாகும், இரும்பு குறைந்தால் சிறிதாகும். இரண்டும் சேர்ந்து குறைந்தவருக்குச் சராசரி அளவு ‘நார்மல்’ என்று வந்துவிடும். ஃபோலிக் அமில மாத்திரை அதிகமாகப் போட்டால் ரத்தசோகை மறையும், நரம்பின் மேலுறை மட்டும் சத்தமில்லாமல் சிதைந்துகொண்டிருக்கும். பி12ஐத் தனியாக அளந்தால்தான் கதை தெரியும். மாமாவுக்கு அளந்தபோது மிகவும் கீழே இருந்தது.

ஸ்பைருலினா, இட்லி மாவு, பழைய சோறு என்று ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஸ்பைருலினாவில் இருப்பதில் பெரும்பகுதி பி12ஐப் போலவே தோற்றமளிக்கும் போலி, நம் உடம்புக்கு உதவாது. புளித்த மாவு குடலுக்கு நல்லதுதான், ஆனால் பி12க்கு அதை நம்ப முடியாது. மிச்சம் இருப்பது ஊசியும் மாத்திரையும். 1,000 மைக்ரோகிராம் மாத்திரையில் நூற்றில் ஒரு பங்கு எந்தத் துணையும் இல்லாமல் குடல் சுவரில் கசிந்து உள்ளே போய்விடும். அந்த 10 மைக்ரோகிராமே தாராளம்.

1926இல் பாஸ்டனில் மைனாட்டும் மர்ஃபியும் ரத்தசோகை நோயாளிகளுக்கு நிறைய ஈரல் கொடுத்துக் காப்பாற்றினார்கள். அந்த ஈரலில் என்ன இருந்தது என்று பிரித்தெடுக்க 1948 ஆனது. இன்று தொழிற்சாலைத் தொட்டிகளில் பாக்டீரியாக்களே அதைச் செய்துகொடுக்கின்றன, எந்த உயிரையும் கொல்லாமல்.

இதை மாமாவிடம் சொன்னேன். தலையாட்டிவிட்டு, மருந்துக்கடையில் கேப்ஸ்யூல் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “உள்ளே இருக்கறது சரி, இந்த மேல்தோலு எதுல செஞ்சது?” என்றார். ஜெலட்டின். மாட்டின் எலும்பிலும் தோலிலும் செய்வது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மாத்திரையாக வாங்கிவந்தோம்.