ரோபோ அட்வைசர்: தமிழில் எப்படிச் சொல்வது?

பங்குகளில் எவ்வளவு, கடன்பத்திரங்களில் எவ்வளவு என்று ஒருவருடைய முதலீட்டைப் பிரிக்கும் வேலையை ஆள் துணையின்றி கணினி நிரலே செய்வதைத்தான் ரோபோ அட்வைசர் என்கிறார்கள். நிரல் கணக்குப் போட்டு நமக்குச் சொல்லும். அல்லது நம்மைக் கேட்காமலே வாங்கி விற்று நடத்தும். வில்லங்கம் எல்லாம் அந்த ‘அல்லது’வில்தான் இருக்கிறது. தமிழ் வணிகப் பக்கங்கள் இரண்டையும் சேர்த்து ‘ரோபோ ஆலோசகர்’ என்று எழுதிவிடுகின்றன. அது பாதி சரி, பாதி தவறு.

முதலில் சொல்லைப் பிரிப்போம். ‘ரோபோ’ என்பது ரோபாட் என்பதன் குறுக்கம். செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920-இல் எழுதிய ‘ஆர்.யு.ஆர்.’ நாடகத்தில் வரும் செயற்கை வேலையாட்களின் பெயர் அது. பெயரை எடுத்துக்கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெஃப். செக் மொழியில் ‘ரொபோட்டா’ என்றால் பண்ணையாட்கள் நிலக்கிழாருக்குக் கூலியில்லாமல் செய்து தீர வேண்டிய கட்டாய வேலை. இதற்கு நேரான தமிழ்ச் சொல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என்று வருவது இதுதான். திருவிதாங்கூரில் ‘ஊழியம்’ என்று சொல்லி ஏழைக் குடிகளை வதைத்ததும் இதுதான். இன்று நாம் மரியாதையாகச் சொல்லும் ‘ஊழியர்’ அந்தச் சொல்லின் வழி வந்ததே. ஆக, ஊழியரின் ஓய்வுக்காலப் பணத்தை ரோபோ பார்த்துக்கொள்கிறது என்றால், வேர்ப்பொருளின்படி ஒரு ஊழியரின் பணத்தை இன்னொரு ஊழியன் பார்க்கிறான்.

‘அட்வைஸ்’ பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனின் ‘விதேரே’யிலிருந்து வருகிறது. பார்த்தல் என்று பொருள். நாம் புழங்கும் ‘ஆலோசனை’யும் வடமொழியில் பார்த்தல் என்ற வேரை உடையதுதான். லோசனம் என்றால் கண். சிவனுக்குத் திரிலோசனன் என்று பெயர் வந்தது அதனால்தான். இரண்டு மொழிகளிலும் ஆலோசகர் என்பவர் பார்த்துச் சொல்பவர். அதற்கு மேல் அவருக்கு வேலை இல்லை. கையெழுத்துப் போடுவது நாம்தான். இந்த வரம்பை நினைவில் வைத்துக்கொண்டு, சொல் வளர்ந்த இடத்துக்குப் போவோம்.

அந்த இடம் அமெரிக்கா. குறிப்பாக 401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டம். அங்கே வேலை பார்க்கும் நம் ஆட்கள் ‘ஃபோர்-ஓ-ஒன்-கே’ என்று ஒரே மூச்சில் சொல்வது, அந்நாட்டு வருமானவரிச் சட்டத்தின் 401-ஆம் பிரிவு, கே உட்பிரிவு. (இந்த ‘கே’ ஆயிரத்தைக் குறிக்கும் ‘கே’ இல்லை. கேட்பவர்கள் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.) 1978-இல் சேர்க்கப்பட்டு 1980-இல் நடைமுறைக்கு வந்தது. அதுவரை நிறுவனம் பணம் சேர்த்து, ஓய்வு பெற்றபின் மாதாமாதம் இவ்வளவு என்று கொடுப்பதே பெருவழக்கு. 401(கே) வந்தபின் பொறுப்பு மெல்ல ஊழியர் தலைக்கு மாறியது. சம்பளத்தில் எவ்வளவு பிடிக்க வேண்டும், எந்த நிதியில் போட வேண்டும் என்று அவரே முடிவுசெய்ய வேண்டும். பாலம் கட்டும் பொறியாளரும் மருத்துவமனைச் செவிலியும் திடீரென்று நிதி மேலாளர்களாக வேண்டியிருந்தது. பலர் எதையும் தொடவில்லை. சேர்ந்த அன்று எதைக் குறித்தார்களோ அதிலேயே இருபது ஆண்டு கிடந்தார்கள்.

இந்த இடைவெளியில்தான் நிரல் நுழைந்தது. 1990-இல் பொருளியல் நோபல் பெற்ற வில்லியம் ஷார்ப் 1996-இல் தொடங்கியவர்களில் ஒருவராக இருந்த ‘ஃபைனான்ஷியல் எஞ்சின்ஸ்’, 401(கே) ஊழியர்களுக்கு இணையம் வழியே முதலீட்டு ஆலோசனை கொடுத்த முன்னோடி நிறுவனம். ரோபோ அட்வைசர் என்ற பெயர் அப்போது புழக்கத்திலேயே இல்லை. 2008-இல் தொடங்கிய பெட்டர்மென்ட் போன்ற நிறுவனங்கள் புகழ்பெற்ற பிறகுதான் அந்தப் பெயர் பரவியது. பெயருக்கு முன்பே பொருள் இருந்தது என்று சொல்லலாம்.

அது என்ன செய்கிறது என்பதை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். ஒருவருடைய கணக்கில் 1,00,000 டாலர். பங்கில் 60 சதவீதம், கடன்பத்திரத்தில் 40 சதவீதம் என்பது அவருக்கு வகுத்த அளவு. சந்தை ஏறி, பங்குப் பகுதி 30 சதவீதம் கூடிவிட்டது. கடன்பத்திரம் அப்படியே நிற்கிறது. இப்போது பங்கு 78,000, பத்திரம் 40,000, மொத்தம் 1,18,000. பங்கின் அளவு 66 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. நிரல் 7,200 டாலருக்குப் பங்கை விற்றுப் பத்திரம் வாங்கும். மறுபடி 60க்கு 40. ‘ரீபேலன்சிங்’ என்பது இவ்வளவே. தமிழில் ‘மறுசமன்’ என்று சொல்லலாம். ஏறிக்கொண்டிருப்பதை விற்பதும், யாரும் சீந்தாததை வாங்குவதும் மனிதனுக்குக் கைவராது. நிரலுக்கு அந்தக் கூச்சம் கிடையாது. என்னைக் கேட்டால் இந்தச் சேவையில் உண்மையான சரக்கு இதுதான், மற்றதெல்லாம் திரையலங்காரம்.

இனி அந்த ‘அல்லது’. 2001 டிசம்பரில் அமெரிக்கத் தொழிலாளர் துறை, சன்அமெரிக்கா என்ற நிறுவனம் கேட்டதற்கு ஒரு விளக்கக் கருத்து அளித்தது. வெளியார் ஒருவரின் கணினி மாதிரியைக் கொண்டு ஊழியர்களின் பணத்தைப் பிரிக்கலாமா என்பது கேள்வி. அதில் இரண்டு சேவைகள் தனித்தனியே பேசப்பட்டன. ஒன்றில் நிரல் பரிந்துரைக்கும், ஊழியர் ஏற்கலாம், தள்ளலாம். மற்றதில் நிரல் சொன்னபடி பணம் தானாகப் பிரிக்கப்படும், வேண்டாதவர் விலகிக்கொள்ளலாம். ஊழியர் ஓய்வூதியப் பாதுகாப்புக்கான 1974-ஆம் ஆண்டின் எரிசா சட்டமும் இதே கோட்டைத்தான் கிழித்திருந்தது. கட்டணம் வாங்கிக்கொண்டு முதலீட்டு ஆலோசனை சொல்பவர் 3(21) பிரிவில் வருகிறார். சொத்தை வாங்கவும் விற்கவும் அதிகாரம் பெற்று, பொறுப்பை எழுத்தில் ஏற்கும் முதலீட்டு மேலாளர் 3(38). பணம் போனால் யாரைப் பிடிப்பது என்ற கேள்விக்குப் பதில் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிறது.

ஆகவே தமிழிலும் இரண்டு சொல் வேண்டும். பரிந்துரையோடு நிற்பதைத் ‘தானியங்கி ஆலோசகர்’ எனலாம். தானியங்கி என்பது தானே இயங்குவது என்ற பெயர்ச்சொல். எந்திரன், இயந்திர மனிதன் என்றெல்லாம் எழுதினால் இரும்புக் கை, இரும்புக் கால் கண்முன் வந்து நிற்கும். இலங்கை வழக்கில் ‘தன்னியக்க’ என்பார்கள். அதுவும் நல்ல சொல். ‘தன்னியக்க ஆலோசனை’ என்று சேவைக்குச் சொல்லும்போது அது இன்னும் சுளுவாக வாயில் வருகிறது.

நிரலே வாங்கி விற்கும் இரண்டாவது வகைக்கு அமெரிக்கர்கள் ‘மேனேஜ்டு அக்கவுன்ட்’ என்கிறார்கள். இதை ‘மேலாண்மைக் கணக்கு’ என்று எழுதிப் பார்த்தேன்; பி.காம் படித்தவர்கள் மேலாண்மைக் கணக்கியல் பாடம் என்று நினைப்பார்கள். ‘பராமரிப்புக் கணக்கு’ அடுக்ககத்துக்கு மாதம் கட்டும் தொகையைப் போல ஒலிக்கிறது. நான் பரிந்துரைப்பது ‘ஒப்படைப்புக் கணக்கு’. முடிவெடுக்கும் உரிமையைக் கைமாற்றிக் கொடுத்திருக்கிறோம் என்பது சொல்லிலேயே தெரிகிறது. கொடுத்தவருக்கு அது உறைக்கவும் வேண்டும்.

ஏனென்றால் ஒப்படைப்புக்குக் கூலி உண்டு. ஆண்டுக்கு அரை சதவீதம் என்று வைத்துக்கொண்டால், மேலே சொன்ன 1,00,000 டாலருக்கு 500 டாலர். அது உள்ளே இருக்கும் நிதிகளின் செலவுக்கும் மேலாக. 2014-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ இந்தக் கணக்குகளை ஆராய்ந்து, கட்டணங்கள் இடத்துக்கு இடம் வேறுபடுவதையும், ஒப்பிட்டுப் பார்க்கும் தகவல் ஊழியர்களுக்குப் போதவில்லை என்பதையும் சுட்டியது. இன்னொன்று: நிறுவனத்தின் பதிவேட்டில் வயது, சம்பளம், இருப்பு, பிடித்தம் இருக்கும். மனைவியின் சேமிப்பு, வீட்டுக் கடன், ஊரில் இருக்கும் நிலம் எதுவும் இருக்காது. ஊழியரே உட்கார்ந்து நிரப்பாவிட்டால் நிரலுக்கு அவர் நான்கு எண்கள்தாம். அந்த நான்கு எண்ணுக்குத் தனிப்பட்ட கவனிப்பு என்று கட்டணம் வாங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கட்டணம் குறைந்த உறவுக்காரர் ஒருவர் உண்டு: ‘டார்கெட் டேட் ஃபண்ட்’. ஓய்வு பெறும் ஆண்டைப் பெயரிலேயே சுமக்கும் நிதி; 2050 என்று போட்டிருந்தால் அந்த ஆண்டை ஒட்டி ஓய்வு பெறுபவர்களுக்கானது. ‘இலக்காண்டு நிதி’ என்பது பொருந்தும். அந்த ஆண்டு நெருங்க நெருங்கப் பங்குகளின் அளவு குறைந்துகொண்டே வரும் பாதைக்கு ‘கிளைட் பாத்’ என்று பெயர், விமானம் தரையிறங்கும் வழியிலிருந்து எடுத்தது. ‘சரிவுப்பாதை’ என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். சந்தைச் செய்தியில் சரிவு என்றாலே நெஞ்சு அடைக்கும். ‘இறங்குபாதை’ போதும். 2006-இன் ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், அடுத்த ஆண்டு அமெரிக்கத் தொழிலாளர் துறை விதி வகுத்தபோது, எதையும் தேர்ந்தெடுக்காத ஊழியரின் பணத்தை நிறுவனம் இலக்காண்டு நிதியிலோ, பங்கும் பத்திரமும் கலந்த சமச்சீர் நிதியிலோ, ஒப்படைப்புக் கணக்கிலோ போட்டுவிடலாம் என்றது. கணினித் தமிழில் ‘டிஃபால்ட்’டுக்கு முன்னிருப்பு என்கிறோமே, அதுபோல இவை முன்னிருப்பு முதலீடுகள். சும்மா இருந்தவர்களின் பணமும் அதன்பின் நகரத் தொடங்கியது.

‘ஓய்வூதியம்’ பற்றி ஒரு வரி. ஊதியம் இன்று சம்பளம். ஆனால் திருக்குறளில் அது ஆதாயம், பெறும் பேறு. ஓய்வுக்காலத்தில் வரும் ஆதாயம் என்று விரித்தால் 401(கே) பணத்துக்கும் அந்தச் சொல் தாங்கும். ஆனாலும் பென்ஷன் என்ற பொருளில் அது இறுகிப்போயிருப்பதால், ஊழியர் தானே சேர்த்து முதலிடும் பணத்தை ‘ஓய்வுக்கால முதலீடு’ என்று சொல்வதே குழப்பமில்லாதது.

இந்தியாவில் இதற்கு மிக அருகில் இருப்பது தேசிய ஓய்வூதியத் திட்டத்தின் ‘ஆட்டோ சாய்ஸ்’, அதாவது வயதைப் பொறுத்துப் பணத்தைத் தானாகப் பிரிக்கும் வழி. நிறுவனம் வழியாகச் சேரும் தனியார் துறை ஊழியர்களுக்கும் இது உண்டு. இதில் உள்ள வகைகளில் மிதமான எல்சி 50-ஐ (எல்சி என்பது ‘லைஃப் சைக்கிள்’) எடுத்துக்கொள்ளுங்கள். 35 வயது வரை பங்கில் 50 சதவீதம். அதன்பின் ஆண்டுக்கு 2 சதவீதம் குறைகிறது. 45 வயதில் 30, 55-இல் 10. அந்த மாற்றம் நடப்பது ஊழியரின் பிறந்தநாளன்று. கேக் வெட்டுகிற நேரத்தில் எங்கோ ஒரு கணினி அவருடைய பங்குகளில் கொஞ்சம் விற்றுக்கொண்டிருக்கும். தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதல் அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்கு வந்த பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்கு இந்தப் பேச்சே எழவில்லை. அந்தப் பணத்தை அரசே வைத்து வட்டி கணக்கிட்டது.

ஆட்டோ சாய்ஸையும் ரோபோ அட்வைசர் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது பொருந்தாது. அது யாரையும் பார்ப்பதில்லை, எதையும் பரிந்துரைப்பதில்லை. ஒப்படைப்புக் கணக்கைப் போல ஆளுக்கு ஆள் மாறுவதுமில்லை. 45 வயதில் எல்சி 50-இல் இருக்கும் எல்லாருக்கும் அதே 30 சதவீதம்தான். முன்பே அச்சடித்த ஒரு அட்டவணை, பிறந்த தேதியைப் பார்த்து நகர்கிறது. ‘தானியங்கித் தெரிவு’ என்று அதைச் சொல்வது, தெரிவு செய்தது யார் என்ற கேள்வியை மறைத்துவிடுகிறது. ‘வயதுவழிப் பங்கீடு’ என்றால் நடப்பது அப்படியே விளங்கும்.