கஞ்சிப் பத்தியத்தில் படுக்கைப் புண் ஆறாது

இடுப்புக்குக் கீழே, வாலெலும்பு மேல், உள்ளங்கை அகலத்துக்குப் புண். கட்டை அவிழ்த்தால் உள்ளே எலும்பு தெரிகிறது. சாப்பாடு என்ன என்று கேட்டால், ரங்கூனில் தாம்வேயாக இருந்தாலும் தக்கேத்தாவாக இருந்தாலும் பதில் ஒன்றுதான்: “கஞ்சி மட்டும்தாங்க. முட்டை, மீன் எல்லாம் நிறுத்தியாச்சு. புண்ணு சீழ் வச்சிடுமில்ல?” காற்று மெத்தைக்குக் கடன் வாங்கிய வீடு அது. மருந்து, பஞ்சு, கட்டுத்துணி எதிலும் குறை வைக்கவில்லை. தட்டில் மட்டும் கை வைத்துவிட்டார்கள். இப்படி எத்தனையாவது வீடு என்று எண்ணுவதை விட்டாயிற்று.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதைச் செய்யாமல் ஊட்டினாலும் புண் ஆறாது. இங்கே பேச வந்தது தட்டைப் பற்றி.

முட்டையிலிருந்து சீழ் வராது. மீனிலிருந்தும் வராது. செத்த சதையில் கிருமி சேர்ந்தால்தான் சீழ் வரும். அதை வெட்டிச் சுத்தம் செய்ய வேண்டுமே தவிர, நோயாளியைப் பட்டினி போடக் கூடாது. நம் பாட்டி சொன்ன பத்தியம் போதாதென்று பர்மியப் பக்கத்து வீட்டாரின் ‘ஒத்துக்கொள்ளாத’ பட்டியலும் சேர்ந்துகொள்கிறது. மாங்கோஸ்டீனோடு சீனி ஆகாது, தர்பூசணியோடு முட்டை ஆகாது என்று தொடங்கி, கடைசியில் முட்டையே ஆகாது என்று முடிகிறது. கத்தரிக்காய் வேண்டாமா, விடுங்கள், அதில் பெரிய நஷ்டமில்லை. இறால் தின்றால் உடம்பு தடிக்கிறவருக்கு இறால் வேண்டாம். மற்றபடி முட்டை, மீன், கோழி, பருப்பு, தயிர் ஐந்தையும் ஒரே நாளில் விலக்கினால் புதுச் சதை எதைக் கொண்டு வளரும்? புண்ணிலிருந்து கசிகிற நீரிலேயே புரதம் போய்க்கொண்டிருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஐரோப்பிய, அமெரிக்க, பசிபிக் வட்டார அமைப்புகள் சேர்ந்து 2019-ல் வெளியிட்ட வழிகாட்டி, படுக்கைப் புண்ணோடு மெலிந்தும் போனவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 30 முதல் 35 கலோரியும், 1.2 முதல் 1.5 கிராம் புரதமும் ஒரு நாளைக்கு வேண்டும் என்கிறது. 50 கிலோ ஆளுக்கு 1500 கலோரிக்குக் குறையாமல், புரதம் 60 முதல் 75 கிராம். ஒரு தம்ளர் கஞ்சிக்குப் போகிற அரிசி 25 கிராம். அதில் கலோரி 90, புரதம் 2 கிராம்கூட இல்லை. ஆறு தம்ளர் ஊட்டினாலும் புரதம் பத்துப் பதினொன்றுதான். வயிறு நிறைகிறது, புண் பசியோடு கிடக்கிறது.

அப்புறம் குளுக்கோஸ் பாட்டில். “சாப்பிட மாட்டேங்கிறாங்க, ஒரு பாட்டில் ஏத்திட்டா தெம்பு வந்திடும்.” 500 மில்லி, 5 சதவீதக் குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. ஐந்து தேக்கரண்டி. நூறு கலோரிக்கு மேல் போகாது, புரதம் பூஜ்யம். நீர் வற்றிப்போனவருக்கு அது உதவும், சாப்பாட்டுக்கு ஈடாகாது. அந்தக் காசுக்கு எத்தனை முட்டை வரும் என்று எண்ணிப் பாருங்கள். டீக்கடை டப்பாப்பாலும் இதே கதைதான். பாதிக்கு மேல் சர்க்கரை. சில டப்பாக்களில் பாமாயிலும் சர்க்கரையும்தான், பால் பேருக்கு. அதை வெந்நீரில் கலக்கிக் கொடுத்துவிட்டுப் பால் கொடுத்தோம் என்று சொல்லாதீர்கள்.

கஞ்சியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, கெட்டியாக்குங்கள். காலைக் கஞ்சி கொதிக்கும்போது ஒரு முட்டையை அடித்து ஊற்றி, முழுக்க வேகும்வரை கிளறி, ஒரு தேக்கரண்டி எண்ணெயோ நெய்யோ விட்டால் புரதம் 8 கிராம். பத்து மணிக்கு 200 மில்லி பாலில் பால்மாவு இரண்டு மேசைக்கரண்டி: பத்து கிராம். மதியம் குழைந்த சோறு, கெட்டிப் பருப்பு, ஐந்து டிக்கல், அதாவது 80 கிராம், மீன் சதை: 25 கிராம். ரோகு என்றால் சிறுமுள் பார்த்துப் பிசையுங்கள். மாலையில் தெருவில் வாங்கின பே பியோ, அதாவது வேகவைத்த பட்டாணி, மசித்து 100 கிராம்: 7. இரவு சோறு, பருப்பு, இன்னொரு முட்டை: 13. படுக்கும் முன் ஒரு தம்ளர் பால்: 6. கூட்டினால் 69. எண்ணெய் மொத்தம் நாலு தேக்கரண்டியும் ஒரு வாழைப்பழமும் சேர்த்தால் கலோரியும் 1500-ஐ ஒட்டி வரும். ஒரு கொய்யா போதும், வைட்டமின் சி மாத்திரை தேடி அலைய வேண்டாம். துத்தநாக மாத்திரையும் அப்படித்தான்: குறைபாடு இல்லாதவர் நாளுக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் மாதக்கணக்கில் விழுங்கினால் உடம்பில் செம்பு குறையும்.

கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் வீடே சைவம், புரிகிறது. அப்போது கடலைமாவில் செய்கிற ஷான் தோஹு, தயிர், வேர்க்கடலைப் பொடி, பருப்பு என்று ஈடுகட்டுங்கள். படுத்திருப்பவருக்கும் சேர்த்து நீங்கள் விரதம் பிடிக்காதீர்கள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் ஏற்றாதீர்கள். திடீரென்று பாலைக் கூட்டினால் பேதியாகி, அது புண்ணில்தான் போய் விழும். நாலைந்து நாளில் படிப்படியாகக் கூட்டுங்கள். பால் ஒத்துக்கொள்ளாவிட்டால் தயிர். பல நாள் அநேகமாக எதுவுமே சாப்பிடாமல் கிடந்தவருக்கு டாக்டரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும், அவசரம் இதயத்தைப் பாதிக்கும். சிறுநீரக நோய் இருந்தால் புரத அளவையும் கேட்டுக்கொள்ளுங்கள். டயாலிசிஸில் இருப்பவருக்குப் புரதம் கூடுதலாகவே வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு மருந்தைச் சரிசெய்து சர்க்கரையை அடக்க வேண்டும், சோற்றைப் பிடுங்கி அல்ல.

தண்ணீர் விஷயம் சொல்லக் கூச்சமானது. துணி மாற்றும் வேலை குறையட்டும் என்று பல வீடுகளில் தண்ணீரைக் குறைக்கிறார்கள். மூத்திரம் அடர்மஞ்சளாகப் போனால் நீர் போதவில்லை. இதயம், சிறுநீரகத்துக்காக டாக்டர் கட்டுப்படுத்தாதவரை நாளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் உள்ளே போக வேண்டும்.

ஊட்டும்போது முதுகை நிமிர்த்துங்கள். ஆனால் முதலில் முழங்காலுக்குக் கீழே தலையணை, பிறகுதான் தலைப்பக்கம் உயர்த்துவது. இல்லாவிட்டால் உடம்பு கீழே சரிந்து புண்ணின் ஓரம் கிழியும். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து 30 டிகிரிக்குத் தாழ்த்துங்கள். ஒவ்வொரு வாய்க்கும் இருமினால் ஊட்டுவதை நிறுத்தி, விழுங்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள். மின்வெட்டு நாளில் மதியக் கஞ்சியை மாலைக்கு வைக்காதீர்கள். முட்டையும் பால்மாவும் குளிர்பெட்டி இல்லாமலே தாங்கும்.

ஆல்புமின் என்கிற இரத்தப் புரதத்தை அளக்கும் சோதனைக்கு ஓடாதீர்கள். புண் சீழ்பிடித்தாலே அது இறங்கும், சாப்பாட்டை அளக்க உதவாது. தையல்நாடாவால் மேல்கையை மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் அளந்து குறித்து வையுங்கள். மோதிரம் தானாகக் கழன்றால் அதுவே தகவல். கட்டிலருகே ஒரு நோட்டும் வேண்டும். தட்டில் வைத்தது எவ்வளவு என்று எழுதாதீர்கள், உள்ளே போனது எவ்வளவு என்று எழுதுங்கள்: முட்டை பாதி, பால் முக்கால் தம்ளர். மூன்று நாள் எழுதிய நோட்டைக் கட்டு மாற்ற வரும் நர்ஸிடம் காட்டுங்கள்.

கடைசி வாரங்களில் இருப்பவருக்கு மட்டும் இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். அவர் கேட்டது, பிடித்தது, இரண்டு வாய், போதும். திணிக்காதீர்கள்.