நெல் போட்ட பணமெல்லாம் வருமானம் இல்லை

போன வருடம் ஐப்பசி மழையில் ஒரு பெண் அவள் அம்மாவோடு என்னைப் பார்க்க வந்தாள். திருவாரூர் பக்கம், கல்லூரியில் முதல் வருடம். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் நான்காக மடித்த வருமானச் சான்றிதழ். கல்லூரி அலுவலகத்தில் அன்று காலைதான் சொல்லியிருக்கிறார்கள்: "லிமிட் தாண்டிடுச்சும்மா, ஸ்காலர்ஷிப் வராது." விரித்துப் பார்த்தேன். ஆண்டு வருமானம் 2,62,000 என்று இருந்தது. அப்பா ஏழரை மா நிலத்தில் பாடுபடுகிறவர். அம்மா நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர்.

எப்படி வந்தது அந்தத் தொகை? சான்றிதழ் விசாரணைக்கு வந்தவர் டீக்கடையில் வைத்துக் கேட்டிருக்கிறார், "ரெண்டு போகத்துக்கும் எவ்வளவு நெல் போட்டீங்க?" மனிதர் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டு வந்த மொத்தப் பணமும் அப்படியே வருமானமாக ஏறிவிட்டது. உழவுக் கூலி, விதை, உரம், அறுவடை மெஷின் வாடகை, குத்தகை எதுவும் கழியவில்லை. சான்றிதழ் கைக்கு வந்து நான்கு மாதம் ஆகியும் வீட்டில் யாரும் அந்த எண்ணைப் படிக்கவில்லை. சான்றிதழ் வந்துவிட்டது என்பதே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குப் பெற்றோர் வருமான வரம்பு ஆண்டுக்கு 2,50,000 ரூபாய். பி.சி., எம்.பி.சி. உதவித்தொகைக்கும் இப்போது அதே 2,50,000தான். மத்திய அரசு, பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்களுக்கு வருடம் 12,000 ரூபாய் தருகிறது. அதற்கு வரம்பு 4,50,000. சட்டம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் அந்தச் சான்றிதழில் என்ன எண் ஏறுகிறது என்பதில் இருக்கிறது.

ஏழரை மா என்றால் சுமார் இரண்டரை ஏக்கர். ஏக்கருக்கு இரண்டு டன் என்று வைத்தால் ஒரு போகத்துக்கு 50 குவிண்டால். 2025-26 பருவத்தில் ஊக்கத்தொகையோடு சாதாரண ரகத்துக்குக் குவிண்டால் 2,500 ரூபாய். ஒரு போகம் 1,25,000. குறுவையும் தாளடியும் சேர்ந்தால் 2,50,000. அதாவது இரண்டரை ஏக்கர் வைத்திருப்பவர், செலவைக் கழிக்காமல் பேசினால், வரம்பின் வாசலில் நிற்கிறார். அதற்கு மேல் அம்மாவின் கூலி ஒரு ரூபாய் சேர்ந்தாலும் பிள்ளைக்கு உதவித்தொகை போய்விடும். அதனால் விசாரிக்க வருபவரிடம் "இவ்வளவு நெல் போட்டேன்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். செலவை ஒரு தாளில் எழுதி வையுங்கள். மிஞ்சியது எவ்வளவோ அதைச் சொல்லுங்கள். இது ஏமாற்று இல்லை. வயலில் போட்ட காசு வருமானம் ஆகாது.

அடுத்த சிக்கல் கூட்டுப் பட்டா. தாத்தா பெயரில் பட்டா, மூன்று மகன்கள் பிரித்துச் சாகுபடி செய்கிறார்கள், பாகப்பிரிவினை பதியவில்லை. டெல்டாவில் பாதி வீடுகளில் இதுதான் நிலைமை. நில உரிமைப் பதிவான சிட்டாவைப் பார்த்து மொத்த நிலத்தையும் உங்கள் அப்பா கணக்கில் எழுதிவிட வாய்ப்பு உண்டு. எவ்வளவு நிலம் யார் சாகுபடி என்று, சாகுபடிப் பதிவான அடங்கலை வைத்துக் காட்டுங்கள். சித்தப்பா, பெரியப்பா ஒரு வார்த்தை வந்து சொன்னால் இன்னும் நல்லது.

யாருடைய வருமானம் என்பதிலும் நிறையப் பேர் தவறாகப் போகிறார்கள். போஸ்ட் மெட்ரிக் விதிப்படி அப்பா அம்மாவில் ஒருவராவது இருக்கும்வரை பெற்றோர் வருமானம் மட்டுமே கணக்கு. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் அண்ணன் சம்பளம் அதில் வராது, ஒரே ரேஷன் கார்டில் இருந்தாலும் வராது. ஆனால் வேலைக்குப் போகாத மாணவிக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் கணவர் வருமானத்தைப் பார்ப்பார்கள். மனு போடும்போது இ-சேவை மையத்தில் "வீட்ல யாரெல்லாம் சம்பாதிக்கிறாங்க?" என்று கேட்டு எல்லோரையும் டைப் அடித்துவிடுவார்கள். அங்கேயே நிறுத்துங்கள்.

அப்பா வெளிநாட்டில் இருந்து திரும்பி வந்துவிட்ட வீடுகளுக்குத் தனியாக ஒரு தொல்லை. மன்னார்குடி, பட்டுக்கோட்டை, கூத்தாநல்லூர் பக்கம் இதை அடிக்கடி பார்க்கிறேன். ஆள் வந்து இரண்டு வருடம் ஆகியிருக்கும், ஊரில் இன்னும் "சிங்கப்பூர்காரர் வீடு" என்றுதான் பெயர். அந்தப் பெயரே சான்றிதழில் சம்பளமாக மாறிவிடும். பாஸ்போர்ட்டில் திரும்பி வந்த தேதி முத்திரை இருக்கும், அந்தப் பக்கத்தை நகல் எடுத்து மனுவோடு சேருங்கள்.

மத்திய அரசு இட ஒதுக்கீட்டுக்கான ஓ.பி.சி. நான்-கிரீமிலேயர் சான்றிதழை எடுத்துக்கொண்டு உதவித்தொகைக்கு வருபவர்களும் உண்டு. அது வேறு, இது வேறு. அதன் வரம்பு 8 லட்சம், அதில் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்க்க மாட்டார்கள். உதவித்தொகைக்கான வருமானச் சான்றிதழில் இரண்டும் சேரும்.

சரி, அலையவிடுவதற்கு வருவோம். மனு இ-சேவை மையத்தில் பதிவாகும், அரசுக் கட்டணம் 60 ரூபாய். அங்கிருந்து கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.), பிறகு வருவாய் ஆய்வாளர், பிறகு மண்டலத் துணை வட்டாட்சியர். வி.ஏ.ஓ. "எனக்கு வரலை" என்பார், மையத்தில் "அனுப்பிட்டோம்" என்பார்கள். நடுவில் ஒரு தாய் நாற்றுப் பறிக்கும் கூலியை விட்டுவிட்டு மூன்று நாள் பஸ் ஏறுவாள். இது எனக்குப் பொறுக்கவில்லை. மனு எண் உள்ள ஒப்புகைச் சீட்டை வாங்காமல் மையத்தை விட்டு வராதீர்கள். அந்த எண்ணைப் போட்டால் மனு யார் மேசையில் கிடக்கிறது என்று இணையத்தில் தெரியும். அதைக் காட்டிப் பேசினால் "வரலை" என்ற பேச்சு நிற்கும். அப்படியும் நகரவில்லை என்றால் முதலமைச்சர் உதவி மைய எண் 1100க்கு அழையுங்கள், அல்லது திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுங்கள்.

எப்போது போடுவது? ரிசல்ட் வந்ததும் போட்டுவிடுங்கள். நவம்பர் பாதி வரை சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் வாங்க வி.ஏ.ஓ. அலுவலகத்தில் கூட்டம் அலைமோதும், உங்கள் மனு அடியில் போய்விடும். சான்றிதழுக்கு ஒரு வருடம்தான் ஆயுள் என்பதையும் மறக்க வேண்டாம்.

கைக்கு வந்ததும் மூன்றைப் படியுங்கள்: தொகை, அப்பா பெயரின் இனிஷியல், தேதி. தொகை தவறாக இருந்தால் அந்த வாரமே வட்டாட்சியரிடம் எழுத்தில் கொடுங்கள், செலவுக் கணக்கை இணைத்து. அங்கே ஆகவில்லை என்றால் கோட்டாட்சியர். அந்தத் திருவாரூர்ப் பெண்ணுக்கு மறு மனுவில் 1,15,000 என்று சரியாக வந்தது. ஆனால் அந்த வருடக் கடைசித் தேதி போய்விட்டது, பணமும் போய்விட்டது. அம்மாவின் தோடு அடகுக்குப் போய்த்தான் ஃபீஸ் கட்டினார்கள்.

வருமானமே கேட்கக் கூடாத உதவிகளும் உண்டு. கல்லூரி மாணவிகளுக்கான புதுமைப் பெண், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய்க்கு வருமான வரம்பு இல்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் போதும், அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழி படித்தவர்களுக்கும் உண்டு. கவுன்சிலிங்கில் சேரும் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகைக்கும் வரம்பு கிடையாது. இவற்றுக்கு வருமானச் சான்றிதழ் வேண்டும் என்று திருப்பி அனுப்பினால் எந்த உத்தரவில் இருக்கிறது என்று கேளுங்கள்.

அப்புறம் வங்கி. பெற்றோர் வருமானம் 4,50,000க்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற தொழிற்படிப்பு என்றால், படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் இருக்கிறது. கடன் வாங்கும்போதே வருமானச் சான்றிதழைக் கொடுத்து, மானியத்துக்குப் பதியச் சொல்லுங்கள். கேட்காமல் சொல்லும் மேலாளரை நான் அதிகம் பார்த்ததில்லை. உதவித்தொகைக்குக் குறைவாகவும் கடனுக்குக் கூட்டியும் ஒரே வருடத்தில் இரண்டு சான்றிதழ் வாங்காதீர்கள், இரண்டும் அடிபடும்.

4 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. "நிலப் பத்திரம் கொண்டு வாங்க" என்றாலோ, "உங்க ஊர் எங்க பிராஞ்சுக்கு வராது" என்றாலோ, சண்டை வேண்டாம். மனுவைப் பதிவு செய்துவிட்டு, மறுப்பதற்கான காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். அது வரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.